பாலைவனக் காவலர்களுக்கு மாதச் சம்பளம்: கொழும்புப் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள தமிழ்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும், மஸ்கட், டுபாய், டோஹா, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ன் கிளைகளின் செயற்குழுவினருக்கும்,

வணக்கம்.

இந்த வருடச் சமூகப் பணிக்கு ‘வனஜீவராசிகள்’ என்று தலைப்பெடுக்கப் போகிறீர்கள் என வட்ஸ்அப் குழுக்களில் பார்த்தேன். நல்ல விஷயம். ரீ-சேர்ட்டுக்கு ஒரு உபகுழு, அனுசரணை தேட ஒரு உபகுழு, காலி முகத்திடலில் விடியற்காலை நடைபவனி, பிறகு எங்காவது கொஞ்சம் மரக்கன்று. நடுகிற அன்று ஒரு கன்றைச் சுற்றி இருபது பேர் நிற்பீர்கள். வெயில் காலத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இருக்கமாட்டார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. காசு சேர்ப்பதில் உங்களை அடிக்க ஆளில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சேர்த்த காசை எந்தத் தலைப்பின் கீழ் செலவழிப்பது என்பதில்தான் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது.

பாலைவனங்களில் அழியும் தறுவாயில் இருக்கிற விலங்குகளை அந்தந்த ஊர்ச் சனமே காவல் காக்கிற இடங்கள் சில இருக்கின்றன. அந்தக் காவலர்களின் மாதச் சம்பளத்துக்கும் டீசலுக்கும் தண்ணீருக்கும் குறைந்தது மூன்று வருடத்துக்குக் காசு கொடுங்கள். கட்டடத்துக்கு வேண்டாம், பெயர்ப்பலகைக்கு வேண்டாம், கருத்தரங்குக்கு வேண்டவே வேண்டாம்.

பாலைவனத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்பீர்கள். உங்கள் சங்கக் கணக்குகளில் கணிசமான பங்கு வளைகுடாவில் உழைத்த காசு. நானும் அங்கே உழைத்தவன்தான். தொண்ணூறுகளில் ஒமானின் நடுப் பாலைவனத்தில், ஹைமாவுக்கு அப்பால், ஒரு ஒப்பந்தக் கம்பனியின் முகாமில் கணக்குப் பார்த்தேன். ஜித்தத் அல் ஹராசிஸ் என்ற அந்த மேட்டுநிலத்தில் மழை அருமை. ஆனால் சில விடியற்காலைகளில் அரபிக்கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். வேலிக் கம்பி, கூடாரத் துணி, முள்மரத்து இலை என்று எல்லாம் நனைந்திருக்கும். அந்தப் பனியையும் அது வளர்க்கிற புல்லையும் நம்பியே அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான்வகை மாதக்கணக்கில் குடிதண்ணீரில்லாமல் உயிர் வாழும். கட்டார் எயார்வேஸ் விமானத்தின் வாலில் கொம்போடு ஒரு தலை தெரியுமே, அந்த விலங்குதான். கட்டுநாயக்கவில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் முகாமுக்கு டீசலுக்காக வந்துபோகிற ஒரு காவலரோடு எனக்குப் பழக்கம். ஹராசிஸ் கோத்திரத்தவர். வண்டியை விட்டு இறங்கினால் முகத்தைப் பார்த்து ஸலாம் சொல்வதற்கு முன்னால் நிலத்தைப் பார்ப்பார். ஒருநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ஓரிடத்தில் குனிந்து, குளம்புத் தடத்தின் விளிம்பை விரலால் தடவினார். விளிம்பு உதிர்ந்திருந்தால் நேற்று மாலை, ஈரத்தில் பதிந்து இறுகியிருந்தால் இன்று பனி இறங்கிய பிறகு. பெட்டையா கிடாவா, சினையா என்றுகூடச் சொன்னார். அது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது, நான் கணக்கப்பிள்ளை. பிறகு அந்தத் தடத்தை ஒட்டியே ஓடியிருந்த டயர்த் தடத்தைக் காட்டினார். “இது எங்கள் வண்டி இல்லை” என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அந்த டயர்த் தடத்தின் பின்கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அரேபிய ஓரிக்ஸ் காட்டில் அடியோடு இல்லாமல் போனது 1972இல், அதே மேட்டுநிலத்தில், வண்டியில் வந்த வேட்டைக்காரர்களால். நல்லவேளையாகப் பத்து வருடத்துக்கு முன்பே, 1962இல், சில விலங்குகளைப் பிடித்து, பிறகு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒன்பது விலங்குகளோடு தொடங்கிய மந்தையின் வம்சம்தான் ஒமானுக்குத் திரும்பி வந்தது. 1982 ஜனவரியில் யாலூனி என்ற இடத்தில் திறந்துவிட்டார்கள். காவலுக்கு ஹராசிஸ் ஆட்களையே எடுத்தார்கள். ஆடும் ஒட்டகமும் மேய்த்து, ஹர்சூசி என்ற தங்கள் சொந்த மொழியைப் பேசி வாழ்கிற சிறிய கோத்திரம் அது. கணக்காளன் கண்ணில் பார்த்தால் அருமையான முதலீடு: பயிற்சிச் செலவு ஏறக்குறைய இல்லை, நிலம் அத்துபடி, தங்கள் தாத்தாமார் பார்த்த விலங்கு திரும்பி வந்த பெருமை வேறு. 1994இல் யுனெஸ்கோ அந்தச் சரணாலயத்தை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது. 1996இல் ஓரிக்ஸ் 450.

அதே வருடம்தான் களவும் தொடங்கியது. கொல்வதற்கல்ல, உயிரோடு பிடித்துத் தனியார் சேகரிப்புகளுக்கு விற்பதற்கு. அதிலும் பெட்டைகளைத்தான் பிடித்தார்கள். 2007இல் எஞ்சியது 65, அவற்றில் இனம்பெருக்கக்கூடிய சோடிகள் நாலோ என்னவோ. எண்ணெய், எரிவாயு தேடுவதற்காகச் சரணாலயத்தின் பரப்பை அரசாங்கம் 90 சதவீதம் வெட்டிக் குறைத்தது. யுனெஸ்கோ தன் உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து முதன்முதலாக நீக்கிய இடம் என்ற பெயர் அதற்குத்தான் கிடைத்தது.

உள்ளூர்க் காவலர்கள் இருந்தும் ஏன் இப்படியானது? ஹராசிஸ் மக்களோடு நீண்டகாலம் பழகி ஆய்வு செய்த மானிடவியலாளர் டோன் சாட்டி எழுதியதைப் படித்தபோது, நான் அங்கே அரைகுறையாகக் கண்டது விளங்கியது. ஹராசிஸ்காரர்களுக்கு வேலை கொடுத்தார்கள். ஆனால் சரணாலயத்தின் எல்லையை எங்கே போடுவது, எங்கே மேய்க்கலாம், எங்கே கூடாது என்பதையெல்லாம் தீர்மானித்தபோது அவர்களைக் கேட்கவில்லை. பக்கத்துக் கோத்திரங்களுக்கோ வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. சம்பளம் வாங்கியவர்கள் கொஞ்சப்பேர், வாய் பேச விடப்பட்டவர்கள் ஒருவருமில்லை. களவெடுக்க வந்தவனுக்கு வழிகாட்ட ஆள் கிடைத்ததில் என்ன அதிசயம்? ஒமானுக்கு உங்கள் காசு தேவையில்லை, அது உங்களைவிடப் பணக்கார நாடு. அந்த அனுபவம்தான் உங்களுக்குத் தேவை. காவலரை யார் நியமிக்கிறார் என்று கேட்காமல் காசு அனுப்பாதீர்கள்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் நமீபியாவின் வடமேற்கில் இருக்கிறது. குனேனே என்ற அந்த வறண்ட மலைப் பாலையில்தான் கறுப்புக் காண்டாமிருகம் இன்றைக்கும் தேசியப் பூங்கா வேலிகளுக்கு வெளியே சுதந்திரமாக நடமாடுகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் கடும் வரட்சி. மாடுகள் செத்துக் குவிந்தன. பசித்த சனமும் வெளியாட்களும் கண்டதையெல்லாம் சுட்டார்கள். அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனப் பாதுகாவலர் கிராமத் தலைவர்களிடம் போய், காவலுக்கு ஆளை நீங்களே தெரிவுசெய்யுங்கள், அந்த ஆட்கள் உங்களுக்கே பதில் சொல்லட்டும் என்றார். கூலி சொற்பக் காசும் உணவுப் பங்கீடும்தான். தலைவர்கள் அனுப்பியவர்களில் முன்பு வேட்டைக்குப் போனவர்களும் இருந்தார்கள். கெட்டிக்காரத்தனமான தெரிவு, தடம் பார்க்கத் தெரிந்தவன் அவன்தானே. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் யாருடையது என்று ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் தலைவருக்குத் தெரியும்.

இந்த வேலைக்காக அவருக்கும் மார்கரெட் ஜேக்கப்சனுக்கும் 1993இல் கோல்ட்மன் சுற்றாடல் விருது கிடைத்தது. விருதைவிட முக்கியமானது 1996இல் வந்த சட்டம். அதுவரை காட்டு விலங்கின் மீதான உரிமை வெள்ளையர் பண்ணைகளுக்கு மட்டும் இருந்தது. விலங்கால் நட்டப்படுகிறவன் ஆட்டிடையன், வருமானம் எடுக்கிறவன் பண்ணைக்காரன். சுதந்திரம் கிடைத்து ஆறு வருடத்தில், சமூக நிலங்களில் வாழும் மக்கள் தாங்களே ‘கன்சர்வன்சி’ என்ற அமைப்பைப் பதிவுசெய்து அதே உரிமையைப் பெறலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். 1998இல் நாலு அமைப்புகள். இன்று 86, நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சுற்றுலா விடுதிகளோடு ஒப்பந்தம் போடுவது முதல் காவலருக்குச் சம்பளம் கொடுப்பதுவரை எல்லாம் அந்த ஊர்க்குழுவின் கையில்.

எல்லாம் சுபம் என்று நான் சொல்லவரவில்லை. பாலைச் சிங்கம் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆட்டுப்பட்டி முழுவதையும் தீர்த்துவிடும். 2016இல் ஒரே கூட்டத்து இளஞ்சிங்கங்கள் மூன்றை நஞ்சு வைத்துக் கொன்றார்கள். உலகம் கொதித்தது. ஆடு போனவனைப் பற்றி உலகம் பேசவில்லை. அதற்குப் பிறகு பலப்பட்டதுதான் சிங்கக் காவலர் ஏற்பாடு: சிங்கம் எந்தப் பக்கம் வருகிறது என்று இடையர்களுக்கு முன்கூட்டியே சொல்ல, பட்டியை உயர்த்திக் கட்ட, அந்த ஊர்க்காரரே சம்பளத்துக்கு நிற்கிறார்கள்.

இந்தச் சம்பளம் எவ்வளவு நொய்ந்த கயிற்றில் தொங்குகிறது என்பது 2020இல் தெரிந்தது. கொரோனாவில் விமானம் நின்றது, உல்லாசப் பயணி நின்றார், விடுதி மூடியது, ஊர்க்குழுவின் வருமானம் நின்றது. அவசர நிதி திரட்டித்தான் காவலர்களைக் களத்தில் வைத்திருந்தார்கள். இதைக் கொழும்புக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், கொரோனாவிலும், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற 2022இலும் இந்த ஊர் ஹோட்டல்களில் யாருடைய வேலை முதலில் போனது என்று நாங்கள் பார்த்தோம். உல்லாசப் பயணியை நம்பியிருக்கிற காவல் அவர் வராத வருடத்தில் விழுந்துவிடும். வெளியிலிருந்து வருகிற சிறிய, நிலையான காசுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

உங்களுக்கு இதில் அனுபவமும் உண்டு. வன்னியிலும் மலையகத்திலும் பாடசாலைகளுக்கு எத்தனையோ கொடுத்தீர்கள். கல்வெட்டோடு கட்டிக்கொடுத்த கணினி அறை எத்தனை பூட்டிக் கிடக்கிறது? மாதாமாதம் தொண்டர் ஆசிரியருக்குக் கொடுத்த சிறு தொகையில் எத்தனை பிள்ளைகள் கணிதம் சித்தியடைந்தார்கள்? பாலைவனக் கணக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்தது தார் பாலைவனம், எங்களுக்குக் கிட்டியது. கானமயில் என்ற பெரிய தரைப்பறவை ஒருகாலத்தில் தமிழ்நாட்டு வெளிகளிலும் இருந்தது. இன்றைக்கு உலகத்தில் 150க்கும் குறைவு, பெரும்பாலும் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம். ஆண் பறவை பதினைந்து கிலோகூட வரும். வெறுந்தரையில் பொதுவாக ஒரேயொரு முட்டை. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர்முன்னே இருப்பது சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அந்தப் பாரத்தோடு சட்டென்று திரும்ப முடியாது. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் இழுத்த உயரழுத்தக் கம்பிகளில் மோதிச் சாகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் கம்பிகளை நிலத்தடியில் போடச் சொன்னது, 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. மன்னார் காற்றாலை விவகாரத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இந்த இழுபறி புதிதல்ல. மன்னாருக்கு வருகிற பூநாரை இங்கே குஞ்சு பொரிப்பதில்லை; தெற்காசியாவில் அதன் பெரிய கூடுகட்டும் இடம் குஜராத்தின் கச்சு உப்புப் பாலை. பாலைவனத்துக்கும் நமக்கும் என்ன என்று கேட்டவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

கூண்டில் வளர்ப்பதும் நடக்கிறது. செயற்கைமுறைக் கருவூட்டலில் 2024இல் முதல் கானமயில் குஞ்சு பொரித்தது. அந்தக் குஞ்சின் வம்சத்தை என்றைக்காவது திறந்துவிடும்போது, கீழே இருக்கிற இடையன் அதை விரும்பவேண்டும். தாரில் அந்த விருப்பத்துக்குப் பஞ்சமில்லை. பிஷ்னோய்கள் 1730இல் கேஜட்லியில் மரம் வெட்டுவதைத் தடுக்க மரத்தைக் கட்டிப்பிடித்து 363 பேர் உயிர்விட்ட சமூகம். ‘ஓரண்’ என்று தெய்வத்துக்கு விட்ட காடுகளில் இன்றைக்கும் கிளை வெட்டமாட்டார்கள். அந்த ஓரண்களைத் தரிசு என்று பதிந்து மின்திட்டங்களுக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் இப்போதைய சண்டை. தோலியா கிராமத்து ராதேஷ்யாம் பிஷ்னோய் என்ற இளைஞர் நன்கொடைக் காசில் தண்ணீர்த் தொட்டி கட்டி, கோடையில் பவுசரில் நீர் நிரப்பி, அடிபட்ட மானையும் பறவையையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். 2025 மே மாதம், வேட்டைக்காரர் நடமாட்டம் என்று தகவல் கிடைத்து இரவில் புறப்பட்டுப் போன வழியில் வாகன விபத்தில் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வண்டியில் ஒரு வனக் காவலரும் இறந்தார். ஆகவே சம்பளம் என்று நான் சொல்லும்போது அதற்குள் காப்புறுதியும் அடக்கம். அதை மறந்துவிட்டு அனுதாபச் செய்தி அனுப்புகிறவர்கள் நிறையப்பேர்.

பாலைவனம் என்றால் இந்த மூன்றோடு முடியவில்லை. நைஜரின் அடாக்ஸ் என்ற மான்வகை காட்டில் நூறுக்கும் குறைவு. கோபியின் கரடியும் காட்டு ஒட்டகமும் அதே விளிம்பில். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தூவாதீர்கள். இரண்டு இடம் எடுங்கள், இரண்டோடும் நில்லுங்கள். என் தெரிவு குனேனேயின் காண்டாமிருக, சிங்கக் காவலர்களும் ஜெய்சால்மரின் ஓரண் காக்கிற ஊர்க்குழுக்களும்.

காசு போவதற்கு முன்னால் பொருளாளர்கள் கேட்கவேண்டியது அதிகமில்லை. காவலரை யார் நியமிக்கிறார், யார் நிறுத்தலாம்? கணக்கை ஊர்க் கூட்டத்தில் வாசிக்கிறார்களா, அல்லது தலைநகரில் இருக்கிற அலுவலகத்துக்கு மட்டும் அனுப்புகிறார்களா? ஆடுமாடு இழந்தவனுக்கு ஏதாவது கிடைக்கிறதா? இந்த மூன்றுக்கும் நேர்ப்பதில் வந்தால் மிச்சத்தை நம்பலாம். ஒன்று மட்டும் கேட்காதீர்கள்: எங்கே எத்தனை காண்டாமிருகம் நிற்கிறது என்று. அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை, கொம்புக்கு அலைகிறவனும் முகநூல் பார்க்கிறான். ‘எங்கள் காசில் காப்பாற்றிய விலங்கின் படம்’ கேட்டு அவர்களை நச்சரிக்கவும் வேண்டாம். சம்பளப் பட்டியலின் பிரதி போதும். அது அழகில்லாத படம்தான், ஆனால் பொய் சொல்லாது.

“இங்கேயே சனம் ஒரு நேரம் சாப்பிடாமல் இருக்கும்போது பாலைவனத்துக்கா?” என்று கூட்டத்தில் ஒருவர் எழும்புவார். நியாயமான கேள்வி. உள்ளூர் நிவாரணக் காசில் ஒரு ரூபாயையும் தொடவேண்டாம். நான் கேட்பது ரீ-சேர்ட்டுக்கும் மேடைக்கும் பதாகைக்கும் போகிற காசை. “வில்பத்துவும் யானையும் இருக்க ஏன் வெளிநாடு?” என்று இன்னொருவர் கேட்பார். அங்கேயும் இதே முறையில் கொடுங்கள். கல்கமுவப் பக்கம் ஊர்க்காரரே பொறுப்பெடுத்துப் பராமரிக்கிற மின்வேலிகள் யானையைத் தடுக்கின்றன. வனஜீவராசிகள் திணைக்களம் காட்டு எல்லையில் போட்டுவிட்டுப் போகிற வேலிகள் பல இடத்தில் சாய்ந்து கிடக்கின்றன. இரண்டையும் செய்யக்கூடிய வசதி உங்களுக்கு உண்டு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

காசு அனுப்புகிற வழியில் இரண்டு சிக்கல். கொழும்பிலிருந்து வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்புவது வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது, வங்கியில் முதலே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கிளைகள் அங்கிருந்தே நேராக அனுப்பினால் இந்தத் தலையிடி இல்லை. அதனால்தான் அவர்களையும் விளித்து எழுதினேன். இந்தியாவுக்கு என்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன்அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வெளிநாட்டுக் காசை வாங்கலாம். பதிவில்லாத நல்ல மனிதர்களுக்கு ஆர்வக்கோளாறில் அனுப்பி அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். பதிவுபெற்ற அமைப்பு வெளிநாட்டுக் காசை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது; ஆகவே பதிவுபெற்ற அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்து, அது எந்த ஊரில் எந்த வேலைக்குக் காசை நேராகச் செலவழிக்கவேண்டும் என்று எழுத்தில் போடுங்கள்.

ஜெய்சால்மரில் ஏப்ரலிலேயே வெயில் ஏறிவிடும். தண்ணீர்ப் பவுசருக்கான காசு மார்ச்சுக்குள் அங்கே இருக்கவேண்டும். ஆகவே இதை வருடாந்தப் பொதுக்கூட்டம்வரை இழுக்காமல், அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலேயே போடுங்கள். கூப்பிட்டால் கணக்குக் கொப்பியோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பழைய மாணவன்